குழந்தைங்க, தாய்மார் நலப் பணிக்குப் புதுசா வர்றீங்களா? முதல் நாள்ல இருந்து என்ன செய்யணும்னு ஒரு வழிகாட்டி

இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது "நான் என்ன கொண்டு வரட்டும்"னுதான். பழைய துணி சேத்துட்டு வரவா, பொம்மை வாங்கிட்டு வரவா, மருந்து ஏதாவது வாங்கித் தரவான்னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேக்குறாங்க. ஆனா வருஷக்கணக்கா வீடு வீடா ஏறி இறங்கினதுல நான் பாத்தது என்னன்னா, ஒரு வீட்டுக்கு முதல் தடவை போறதுக்கு எப்பவும் ஆள் இருக்கு, அதே வாசலுக்கு ரெண்டாவது தடவை போறதுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது. மெலிஞ்ச குழந்தை தேறுறதும், பிரசவம் ஆன அம்மா நல்லபடியா எழுந்து உக்காருறதும் அந்த ரெண்டாவது மூணாவது விசிட்லதான் நடக்குது. கீழ சொல்லப்போற எல்லா விஷயத்தையும் இத மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

இன்னொண்ணு, நீங்க டாக்டரோ நர்ஸோ இல்லன்னா உங்க வேலை வைத்தியம் பாக்குறது கிடையாது. கவனிக்கிறது, அளக்குறது, சரியான இடத்துக்கு அனுப்புறது, திரும்பப் போய்ப் பாக்குறது, இந்த நாலும்தான். கேக்க சின்னதா தெரியும், இத ஒழுங்கா செய்ய ஆறு மாசப் பழக்கம் வேணும்.

சேர்றதுக்கு முன்னாடி

வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாசத்துக்குத் தர முடியும்னு முதல்ல உங்களுக்கே உண்மையா சொல்லிக்கோங்க. மாசத்துக்கு ஒரு நாள்தான் முடியும்னா அதுல தப்பே இல்ல, ஆனா அப்போ குழந்தைங்களோட நேரடியா பழகுற வேலைய எடுக்காதீங்க, கணக்கு எழுதுறது, ஸ்டாக் எண்ணுறது, வண்டி ஓட்டுறது, மொழிபெயர்க்கிறதுன்னு பின்னாடி நிக்குற வேலை நிறைய இருக்கு, அதுக்கு ஆளே கிடைக்காம தவிக்கிறாங்க. ஒரு குழந்தை உங்ககிட்ட ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம் நீங்க காணாம போனா, அது ஏற்கனவே பட்ட காயத்து மேல இன்னொண்ணு.

நிறுவனத்தத் தேர்ந்தெடுக்கும்போது அவங்க உங்கள எப்படி விசாரிக்கிறாங்கன்னு பாருங்க. உங்க அடையாளம், பழைய வேலை, உங்களத் தெரிஞ்ச ரெண்டு பேரோட உத்தரவாதம், போலீஸ் சரிபார்ப்பு, இது எதையுமே கேக்காம "நாளைக்கே வாங்க"ன்னு கூப்பிட்டா நான் யோசிப்பேன். உங்கள விசாரிக்காதவங்க உங்களுக்கு முன்னாடி வந்தவங்களையும் விசாரிச்சிருக்க மாட்டாங்க இல்லையா. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்துல இருக்கா, புகார்னு வந்தா யார்கிட்ட சொல்லணும், பயிற்சி எத்தனை நாள், இந்த மூணையும் நீங்களும் கேளுங்க. கேட்டா முகம் சுளிக்கிற இடத்துல சேராதீங்க.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய் ரெண்டு வாரம் "அன்பு காட்டிட்டு" வர்ற திட்டங்களப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா புதுசா வர்றவங்க முதல்ல விழுறது அங்கதான். அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்குற பல குழந்தைங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க, வறுமைதான் கொண்டு வந்து விட்டிருக்கு. பாக்க வர்றவங்களும் நன்கொடையும் பெருகப் பெருக, குடும்பத்தோட இருக்க வேண்டிய குழந்தைங்க இல்லத்துலயே தங்கிடுறாங்க. 2019 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபை நிறைவேத்தின தீர்மானத்துலயே இந்த இல்லச் சுற்றுலாவால வர்ற தீங்கப் பத்திப் பேசியிருக்கு. உங்க காசும் நேரமும் அந்தக் குழந்தை தன் வீட்டுலயே இருக்குறதுக்கு உதவுற வேலைக்குப் போகட்டும்.

குழந்தைங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்

இதுல விட்டுக்கொடுக்குறதுக்கு எதுவுமே இல்ல. மூடின அறையில ஒரு குழந்தையோட தனியா இருக்காதீங்க. உங்க சொந்த போன்ல போட்டோ எடுக்காதீங்க, அம்மா அப்பா சம்மதமும் குழந்தையோட சம்மதமும் இல்லாம யார் கேமராவுலயும் எடுக்க விடாதீங்க, சம்மதம் இருந்தாலும் பேரு, ஊரு, பள்ளிக்கூடம் தெரியுற மாதிரி எங்கயும் போடாதீங்க. நிறுவனத்துக்குத் தெரியாம பரிசு கொடுக்குறது, போன் நம்பர் கொடுக்குறது வேண்டாம். எலும்பும் தோலுமா இருக்குற குழந்தை படத்தப் போட்டாத்தான் நன்கொடை வரும்னு சொல்றவங்க இருக்காங்க. அந்தக் குழந்தை இருபது வயசுல அந்தப் படத்தப் பாக்கும்னு நினைச்சுப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

ஒரு குழந்தை தனக்கு யாரோ கெடுதல் செஞ்சதா உங்ககிட்ட சொன்னா என்ன பண்றது? இது எப்ப வேணா நடக்கும், பெரும்பாலும் நீங்க எதிர்பாக்காத நேரத்துல, ஏதாவது படம் வரைஞ்சுட்டு இருக்கும்போது தலைய நிமித்தாமலேயே சொல்லும். அப்போ அதிர்ச்சிய முகத்துல காட்டாதீங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, ஏன்னா நீங்க சொல்லித்தான் ஆகணும். தோண்டித் துருவி கேள்வி கேக்காதீங்க, அது விசாரணைக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வேலை, நீங்க கேட்டுக் கேட்டு குழந்தை வாய்ல வார்த்தைய வெச்சுட்டீங்கன்னா பின்னாடி வழக்கே கெட்டுப்போகும். "நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்ல, உன்னப் பாத்துக்கறதுக்கு உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லணும்", இவ்வளவு போதும். அப்புறம் அன்னைக்கே, குழந்தை எந்த வார்த்தைல சொல்லிச்சோ அதே வார்த்தைல எழுதி, நிறுவனத்தோட குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. 1989ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட மூணாவது பிரிவு, குழந்தை சம்பந்தமா எடுக்குற எந்த முடிவுலயும் குழந்தையோட நலன் முதன்மையா இருக்கணும்னு சொல்லுது. நிறுவனத்தோட பேரு கெட்டுடுமேன்னு யாராவது இழுத்தடிச்சா அந்தப் பிரிவ ஞாபகப்படுத்துங்க.

முதல் ரெண்டு வாரம்: வாய மூடிட்டு கூடப் போங்க

அந்தப் பகுதியில ஏற்கனவே வேலை பாக்குற ஹெல்த் ஒர்க்கர் ஒருத்தங்க கண்டிப்பா இருப்பாங்க. அவங்க பின்னாடியே நடங்க. எந்த வீட்டுல எப்படிக் கூப்பிடுறாங்க, எங்க உக்காருறாங்க, மாமியார் இருக்கும்போது என்ன பேசுறாங்க, இல்லாதப்போ என்ன பேசுறாங்கன்னு பாருங்க. நின்னுக்கிட்டே கேள்வி கேட்டா எந்த அம்மாவும் மனசத் திறக்க மாட்டாங்க, கீழ உக்காந்துடுங்க. பேனாவும் நோட்டும் பைக்குள்ளயே இருக்கட்டும். "குழந்தைக்கு ஒழுங்கா பால் கொடுக்குறீங்களா"ன்னு கேட்டா "ஆமா"ங்கிற ஒரே பதில்தான் வரும், "நேத்து காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன கொடுத்தீங்க"ன்னு கேட்டா முழுக் கதையும் வரும்.

ஒரு அம்மா ஏன் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலங்கிறதுக்கு தாடியஸ், மெய்ன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994ல மூணு தாமதம்னு பிரிச்சுக் காட்டினாங்க: போகணும்னு முடிவெடுக்குறதுல தாமதம், போய்ச் சேர்றதுல தாமதம், போன இடத்துல சரியான கவனிப்பு கிடைக்கிறதுல தாமதம். வெளியில இருந்து வர்றவங்க எப்பவும் முதல் தாமதத்த மட்டும் பாத்துட்டு "விழிப்புணர்வு இல்ல"ன்னு எழுதிடுவாங்க. ராத்திரி வண்டி கிடைக்காதது, போன தடவை அங்க திட்டு வாங்கினது, இதெல்லாம் அந்த அம்மாவோட அறியாமை கணக்குல வராது. நீங்க எந்த வீட்டுல பேசினாலும் மூணுல எது இங்க அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு மனசுக்குள்ள கேட்டுக்கோங்க.

கை கழுவுறதையும் இந்த வாரத்துலயே பழக்கமாக்கிடுங்க. ஒரே நாள்ல பத்து வீட்டுக் குழந்தைங்களத் தொடுறவங்க நாம, வியாதிய வீட்டுக்கு வீடு கொண்டுபோறது நாமளா இருந்துடக் கூடாது. 1847ல வியன்னா ஆஸ்பத்திரில செம்மல்வைஸ்ங்கிற டாக்டர், பிணத்த அறுத்துப் பாத்துட்டு நேரா பிரசவம் பாக்க வந்த டாக்டர்கள குளோரின் கலந்த தண்ணில கை கழுவ வெச்சதும், ஏப்ரல்ல சுமார் 18 சதவீதமா இருந்த தாய்மார் இறப்பு ஜூன்ல 2 சதவீதம் பக்கத்துல வந்துடுச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் சோப்பு போட்டுக் கழுவுங்க, நகத்த வெட்டி வைங்க, உங்களுக்கு இருமலோ பேதியோ இருந்தா அன்னைக்கு லீவு போடுங்க.

கை டேப்பால அளக்கக் கத்துக்கோங்க

புதுசா வர்றவங்க கத்துக்கிற முதல் கைத்தொழில் இதுதான். பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட ஒரு சின்ன டேப், மேல்கையோட சுத்தளவ அளக்குறதுக்கு. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு முடியுற வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு. இடது கைய முழங்கையில மடக்கி, தோள்பட்டை எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவுல ஒரு புள்ளி வெச்சுக்கோங்க, அப்புறம் கைய நீட்டித் தொங்கவிட்டு அந்தப் புள்ளி மேல டேப்பச் சுத்துங்க. 125 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும்னா பச்சை. 115ல இருந்து 125க்குள்ளன்னா மஞ்சள், மிதமான சத்துக்குறைபாடு. 115க்குக் கீழன்னா சிவப்பு, கடுமையான சத்துக்குறைபாடு, அன்னைக்கே அனுப்பணும்.

இதுல எங்க தப்பு நடக்கும்னா இழுக்குறதுல. நான் ஆரம்பத்துல ஒரு பொண்ணுக் குழந்தைக்கு அளந்தப்போ 113னு வந்துச்சு, அந்த அம்மா முகம் வெளிறிப்போச்சு. கூட இருந்த சீனியர் எதுவும் சொல்லாம என் விரலப் பிடிச்சு டேப்ப லேசா தளத்தினாங்க, டேப் அழுத்தின இடத்துல தோல் மடிஞ்சு ஒரு கோடு விழுந்திருந்துச்சு. திரும்ப அளந்தா 117. நாலு மில்லிமீட்டர்ல ஒரு குழந்தையோட சிகிச்சையே மாறுது. டேப் தோல ஒட்டி இருக்கணும், அமுக்கக் கூடாது, நடுவுல இடைவெளியும் விழக் கூடாது. சந்தேகம்னா மூணு தடவை அளங்க. குழந்தை அழுதா அம்மா மடியிலயே வெச்சு அளங்க, முதல்ல அம்மா கையில ஒரு தடவை சுத்திக் காட்டுங்க, பாதி பயம் போயிடும். முடிஞ்சா அம்மாவுக்கே அளக்கச் சொல்லிக் கொடுங்க, நீங்க வராத வாரமும் குழந்தைய யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்க.

டேப் பச்சைனு காட்டினாலும் பாதத்தப் பாக்காம எழுந்திருக்காதீங்க. ரெண்டு பாதத்து மேலயும் கட்டைவிரலால மூணு செகண்ட் அழுத்தி எடுங்க. ரெண்டுலயும் குழி அப்படியே நின்னா அது சத்துக்குறைபாட்டால வந்த வீக்கமா இருக்கலாம், அந்தக் குழந்தை பாக்க கொழுகொழுன்னு தெரியும், வீட்டுல சந்தோஷமா இருப்பாங்க, ஆனா நிலைமை கடுமையானது. உடனே அனுப்புங்க.

கடுமையான சத்துக்குறைபாடு உள்ள குழந்தைங்கள முன்னாடியெல்லாம் வாரக்கணக்கா ஆஸ்பத்திரில வெச்சுத்தான் பாத்தாங்க. 1996ல பிரான்ஸ்ல ஆந்த்ரே பிரியான், மிஷேல் லெஸ்கான்னு ரெண்டு பேர் வேர்க்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், விட்டமின், தாது எல்லாம் சேத்து ஒரு பேஸ்ட் பண்ணாங்க. தண்ணி கலக்கவே வேண்டாம், அதனால அழுக்குத் தண்ணி மூலமா கிருமி சேர்ற வழியே இல்ல, சமைக்கவும் வேண்டாம். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கிலோகலோரி. 2007ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மத்த ஐ.நா. அமைப்புகளும் சேந்து, வேற சிக்கல் இல்லாத, பசி நல்லா இருக்குற குழந்தைய வீட்டுல வெச்சே இதக் கொடுத்துத் தேத்தலாம்னு அறிக்கை விட்டாங்க. "பசி நல்லா இருக்குற"ங்கிற வார்த்தைய அடிக்கோடு போட்டுக்கோங்க. நர்ஸ் தன் முன்னாடியே பாக்கெட்டக் கொடுத்து சாப்பிடுதான்னு பாப்பாங்க, சாப்பிடலன்னா அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகக் கூடாது. அப்புறம், கொடுத்த பாக்கெட்ட வீட்டுல எல்லாக் குழந்தைங்களும் பங்கு போட்டுக்குவாங்க, அது பசி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இது மருந்து மாதிரி, மெலிஞ்ச குழந்தைக்கு மட்டும்னு பொறுமையா சொல்லிட்டு, மத்த பிள்ளைங்களுக்கு என்ன உதவி கிடைக்கும்னும் சேத்துப் பாருங்க.

பேதி வந்தா

1971 பங்களாதேஷ் விடுதலைப் போர் சமயத்துல எல்லைல போங்கான்ங்கிற இடத்துல இருந்த அகதி முகாம்ல காலரா பரவினப்போ நரம்புல ஏத்துற சலைன் தீந்துபோச்சு. டாக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்து டிரம்ல கரைச்சு வெச்சு, நோயாளியோட சொந்தக்காரங்களையே ஊத்திக் கொடுக்க வெச்சாரு. அதக் குடிச்சவங்கள்ல இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு, அதுக்கு முன்னாடி அங்க கிட்டத்தட்ட 30 சதவீதமா இருந்துச்சு. பயிற்சி பெறாத கைகளும் உயிரக் காப்பாத்த முடியும்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

அந்த மாதிரி உப்பு, சர்க்கரைக் கரைசலுக்கான ஓஆர்எஸ் பாக்கெட்ட இப்போ எல்லாருக்கும் தெரியும், ஆனா கரைக்கிறதுல தப்பு பண்றோம். ஒரு வீட்டுல "ஓஆர்எஸ் கொடுத்தேன், இன்னும் வாந்திதான்"னு அந்த அம்மா சொன்னாங்க. கரைச்சுக் காட்டச் சொன்னேன், ஒரு லிட்டர் பாக்கெட்டுல பாதிய ஒரு டம்ளர் தண்ணில கொட்டினாங்க, மிச்சத்த மடிச்சு வெச்சாங்க, வீணாகக் கூடாதேன்னு. உப்பு அதிகமான கரைசல் குழந்தைக்கு ஆபத்து. அன்னைல இருந்து நான் வாயால சொல்றதோட நிறுத்துறதில்ல, அவங்க வீட்டுப் பாத்திரத்துலயே ஒரு லிட்டர் எதுன்னு அளந்து, வெளியில ஒரு கோடு போட்டுட்டு வர்றேன். பாக்கெட்டுல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அவ்வளவு, முழுப் பாக்கெட், சுத்தமான தண்ணி, 24 மணி நேரம் ஆனா மிச்சத்தக் கொட்டிடணும். ரெண்டு வயசுக்குக் கீழன்னா ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் 50ல இருந்து 100 மில்லி, அதுக்கு மேலன்னா 100ல இருந்து 200 மில்லி. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனா மெதுவா. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பாக்கெட்டே கிடைக்காத இடத்துல ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்குத் தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு சர்க்கரை, அரை உப்பு. இதுல அளவு மாறவே கூடாது.

துத்தநாக மாத்திரையும் சேத்துக் கொடுப்பாங்க, ஆறு மாசத்துக்குக் கீழ நாளுக்கு 10 மில்லிகிராம், அதுக்கு மேல 20, பத்துல இருந்து பதினாலு நாளைக்கு. பல வீட்டுல மூணாவது நாளே பேதி நின்னுடும், உடனே மாத்திரை கொடுக்குறதையும் நிறுத்திடுவாங்க. அதனால உங்க ரெண்டாவது விசிட்ட நாலாவது நாள்ல வைங்க, அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம்னு எண்ணுங்க.

எப்போ எதையும் யோசிக்காம ஓடணும்

அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை பாலோ தண்ணியோ குடிக்கவே முடியலன்னா, குடிச்சது எல்லாத்தையும் வாந்தி எடுத்தா, வலிப்பு வந்தா, கூப்பிட்டா எழுந்திருக்காம துவண்டு கிடந்தா, இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரெண்டு மாசம் கூட ஆகாத குழந்தை பால் குடிக்கிறத விட்டாலோ, உடம்பு சுட்டாலோ, ஜில்லுன்னு ஆனாலோ அதுவும் அவசரம்தான்.

மூச்ச எண்ணுறதும் கத்துக்கோங்க. குழந்தை அழாம, பால் குடிக்காம அமைதியா இருக்கும்போது சட்டையத் தூக்கிட்டு வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குறதப் பாத்து ஒரு முழு நிமிஷம் எண்ணணும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குறது வேண்டாம், சின்னக் குழந்தைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. ரெண்டு மாசத்துக்குள்ள 60ம் அதுக்கு மேலயும், ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள 50ம் அதுக்கு மேலயும், ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 40ம் அதுக்கு மேலயும் வந்தா வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ உள்ள பகுதி உள்ள போனா நிமோனியாவோட ஆபத்தான நிலையா இருக்கலாம். போனை டைமரா வெச்சுக்கோங்க, பேச்சுக் கொடுக்காதீங்க, நடுவுல விட்டுப்போனா முதல்ல இருந்து எண்ணுங்க.

அனுப்பும்போது வெறும் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க. முன்னாடியே போன் பண்ணிச் சொல்லுங்க, முடிஞ்சா கூடப் போங்க, வழியெல்லாம் குழந்தைய கதகதப்பா வெச்சு, குடிக்க முடிஞ்சா பால் கொடுத்துக்கிட்டே போகச் சொல்லுங்க.

அம்மாவையும் பாருங்க

குழந்தையப் பாக்கப் போற ஆளுங்க எல்லாரும் குழந்தையக் கொஞ்சிட்டு வந்துடுவாங்க, பெத்தவள யாரும் "நீ எப்படி இருக்க"ன்னு கேக்குறதில்ல. நான் வீட்டுக்குள்ள போனதும் முதல்ல அம்மாகிட்டத்தான் பேசுவேன். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, ரத்தப்போக்கு எப்படி இருக்கு, தலை வலிக்குதா. ரெண்டு வாரத்துக்கு மேல அழுகையாவே இருந்தா, எதுலயும் பிடிப்பு இல்லன்னு சொன்னா, குழந்தையப் பாக்கவே பயமா இருக்குன்னு சொன்னா, அதுவும் வைத்தியம் வேண்டிய விஷயம்தான், "புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்"னு தள்ளாதீங்க. தன்னையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்குவேன்ங்கிற மாதிரி பேசினா தனியா விடாதீங்க, அன்னைக்கே உதவி கூப்பிடுங்க.

கர்ப்ப காலத்துல குறைஞ்சது எட்டு தடவை பரிசோதனைன்னு உலக சுகாதார நிறுவனம் 2016ல பரிந்துரை பண்ணிருக்கு, முதல் தடவை 12 வாரத்துக்குள்ள. நீங்க வீட்டுல பேச வேண்டியது ஆபத்து அறிகுறிகள்: ரத்தப்போக்கு, கடுமையான தலைவலியோட கண் மங்குறது, வலிப்பு, காய்ச்சல், கடுமையான வயித்துவலி, குழந்தை அசைவு குறையுறது, வலி வராமலேயே பனிக்குடம் உடையுறது. இத அம்மாகிட்ட மட்டும் சொன்னா போதாது, வீட்டுல முடிவெடுக்குறவங்க காதுலயும் விழணும். எட்டாவது மாசத்துக்குள்ள உக்காந்து எழுதி வைங்க: எங்க பிரசவம், ராத்திரின்னா எந்த வண்டி, யார் கூட வருவாங்க, கையில பணம் எவ்வளவு, ரத்தம் வேணும்னா யார் தருவாங்க, வீட்டுல இருக்குற மூத்த பிள்ளைய யார் பாத்துக்குவாங்க.

பிரசவத்துக்கு அப்புறம் முதல் 24 மணி நேரம்தான் ரத்தப்போக்குக்கு மிகவும் பயப்பட வேண்டிய நேரம். துணி மாத்தி மாத்தி நனைஞ்சுக்கிட்டே இருந்தா காத்திருக்கக் கூடாது. அதுக்கப்புறம், பிரசவத்துல இருந்து ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒண்ணு, ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள ஒண்ணு, ஆறாவது வாரத்துல ஒண்ணுன்னு பரிசோதனை இருக்கு, தேதியக் காலண்டர்ல வட்டம் போட்டுட்டு வாங்க.

தாய்ப்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள, ஆறு மாசம் வரைக்கும் அது மட்டுமே, தண்ணி கூட வேண்டாம், அப்புறம் மத்த சாப்பாட்டோட சேத்து ரெண்டு வயசோ அதுக்கு மேலயோ. பேரிடர் முகாம்கள்ல நல்லது பண்றதா நினைச்சு டின் பால் மாவ வாரி வழங்குவாங்க, தயவுசெஞ்சு அந்த வேலையில சேராதீங்க. சுத்தமான தண்ணி இல்ல, பாட்டில் கொதிக்க வைக்க அடுப்பு இல்ல, மாவு தீரப்போகுதேன்னு நீர்க்கக் கரைப்பாங்க, அதுக்குள்ள அம்மாவுக்குப் பால் வத்திடும். தாய்ப்பாலுக்கு மாத்தா விக்கிற பொருளுங்களோட விளம்பரத்தக் கட்டுப்படுத்த 1981லயே உலக சுகாதார சபை ஒரு நெறிமுறை கொண்டு வந்ததுக்குக் காரணமே இதுதான். நிஜமாவே தாய்ப்பால் கிடைக்க வழியில்லாத குழந்தைங்க இருப்பாங்க, அவங்களுக்குப் பயிற்சி பெற்றவங்க தனித்தனியா பாத்துத்தான் ஏற்பாடு பண்ணணும்.

எடை குறைஞ்சோ மாசம் முழுசாகாமலோ பிறந்த குழந்தைய அம்மா நெஞ்சோட தோலும் தோலும் படுற மாதிரி வெச்சுக்கிறது 1978ல கொலம்பியாவுல போகோட்டா நகரத்துல இன்குபேட்டர் பத்தாதப்போ டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது. இப்போ நாளுக்கு 8ல இருந்து 24 மணி நேரம்னு சொல்றாங்க. அம்மா அசந்து போனா அப்பா நெஞ்சும் சூடாத்தான் இருக்கும், அவரையும் உக்கார வைங்க.

தடுப்பூசி விஷயத்துல ஒண்ணு மட்டும். ஊசி வேண்டாம்னு சொல்ற வீட்டுல சண்டை போடாதீங்க. பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, போன ஊசிக்குக் காய்ச்சல் வந்தப்போ யாரும் திரும்ப வந்து பாக்கலங்கிற கோபம்தான் பல வீட்டுல இருக்கு.

நோட்டும் ரெண்டாவது விசிட்டும்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். என்ன பாத்தீங்க, என்ன சொன்னீங்க, யாரு என்ன செய்றதா ஒத்துக்கிட்டாங்க, அடுத்து எப்போ. ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி எழுதிடுங்க, நாளைக்கு எழுதினா நம்பர் மாறிடும். நோட்ட பஸ்ஸுல விரிச்சு வெச்சுக்காதீங்க, ஒரு வீட்டுக் கதைய இன்னொரு வீட்டுல பேசாதீங்க, பேர் சொல்லாம பேசினாலும் யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும்.

சிவப்பு காட்டின ஒரு குழந்தைய நான் அனுப்பி வெச்சேன், அம்மா தலையாட்டினாங்க, நானும் நோட்டுல "அனுப்பியாச்சு"ன்னு எழுதிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா அதே பாயில அதே குழந்தை. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பக்கத்துல உக்காந்து பேசினப்புறம்தான் தெரிஞ்சுது, மூத்தவனுக்கு நாலு வயசு, அவன விட்டுட்டுப் போக ஆள் இல்ல, ரெண்டு பேரையும் தூக்கிட்டு நடக்கத் தெம்பும் இல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டோம், ஒரு நிமிஷத்துல சரின்னுட்டாங்க. அந்தக் கேள்விய முதல் நாளே கேட்டிருந்தா ரெண்டு நாள் போயிருக்காது. அதுல இருந்து "அனுப்பியாச்சு"ன்னு நான் எழுதுறதே இல்ல, "போய்ச் சேந்தாங்க"ன்னு தெரிஞ்சா மட்டும்தான் டிக் போடுறேன்.

பொருளும் பணமும்

கொடுக்கணும்னா கேட்டுட்டுக் கொடுங்க. கேக்காம வந்து குவியுற துணிய பிரிச்சு அடுக்கவே நாலு ஆள் வேணும், காலாவதி ஆன மருந்து வந்தா அத அழிக்கிறதுக்குத் தனிச் செலவு. முகாம்ல வேலை செஞ்சா ஸ்ஃபியர் தரநிலைங்கிற கையேட்டப் படிங்க, ஒரு ஆளுக்கு நாளுக்குக் குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, இப்படி அளவு போட்டிருக்கும். பெண்கள் கழிப்பறையில உள்பக்கத் தாழ்ப்பாளும் வெளிச்சமும் இருக்கான்னு நீங்களே ராத்திரி ஏழு மணிக்கு மேல நடந்து போய்ப் பாருங்க.

உங்க உடம்பும் மனசும்

ஒரு குழந்தை இறந்துபோகும். நீங்க எல்லாம் சரியா செஞ்சிருந்தாலும் ஒரு நாள் அது நடக்கும், யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டேங்குறாங்க, அதனால நான் சொல்றேன். அன்னைக்கு உங்க சீனியர்கிட்ட உக்காந்து பேசுங்க, அழுகை வந்தா அழுங்க, ரெண்டு நாள் லீவு கேளுங்க. அந்த வீட்டுக்குக் கண்டிப்பா போங்க. அங்க ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம், பக்கத்துல உக்காந்து கேளுங்க, தண்ணி வேணுமான்னு பாருங்க, யாரக் கூப்பிடணும்னு கேட்டுக் கூப்பிடுங்க. பாரு, கேளு, இணைச்சு விடுன்னு மன முதலுதவிப் பயிற்சியில சொல்லித் தர்றதும் இதத்தான், அந்தப் பயிற்சி ஒரே நாள்தான், சேந்த முதல் மாசத்துலயே எடுத்துடுங்க.

கிளம்பும்போது

என்னைக்காவது ஒரு நாள் நீங்களும் இந்தப் பகுதிய விட்டுப் போவீங்க. ஒரு மாசம் முன்னாடியே வீடுகள்ல சொல்லுங்க, குழந்தைங்ககிட்டயும் சொல்லுங்க, திரும்பி வர்றதா பொய் சொல்லாதீங்க. உங்க இடத்துக்கு வர்றவங்கள ஒவ்வொரு வாசலுக்கும் கூட்டிட்டுப் போய் அந்த அம்மாகிட்ட பேர் சொல்லி அறிமுகப்படுத்துங்க. மஞ்சள்ல இருக்குற குழந்தைங்க வீட்டுல டேப்ப அந்தப் புது ஆள் கையில கொடுத்து அவங்களையே அளக்கச் சொல்லுங்க, அடுத்த விசிட் தேதியையும் அவங்க கையெழுத்துலயே நோட்டுல எழுதச் சொல்லுங்க.